மார்கழிக் குளிரும் மணிலாப் பயிரும்

எண்ணெய் வித்துக்கள் என்றதும் நம் உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருவது மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலைதான். ஊர்ப் பெயர் உளுந்தைச் சொன்னாலும், கிணறு உள்ள குடியானவர் கையில் ரொக்கம் புழங்கச் செய்வதில் மணிலாவுக்கும் பங்குண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் இப்பயிருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்பகுதியின் மணிலா புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்தத் தென்னார்க்காடு பின்னர்ப் பிரிந்து விழுப்புரமாகி, 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிய பின்னரும் மணிலா நம்மை விட்டுப் போகவில்லை.

மானாவாரியில் ஆடிப் பட்டம். இறவையில் மார்கழிப் பட்டம். இவற்றுள் மார்கழிப் பட்டத்தைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகிறோம். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை விதைக்கப்படும் இப்பயிர், பிறக்கும்போதே குளிரைச் சந்திக்கிறது. கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நம்மிடம் கூறப்படும் குறை ஏறத்தாழ ஒன்றே: 'விதைத்துப் பத்து நாளாகியும் முளை ஒரு சீராக வரவில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கிறது, ஏதோ குளிர் தாங்கும் டானிக் என்று கடையில் கொடுக்கிறார்களே, அடிக்கலாமா?' இக்கேள்வி நியாயமானது. பயிரின் வளர்ச்சி ஊக்கிகளாகிய ஹார்மோன்களைக் கொண்டு குளிரைத் தாங்கச் செய்யும் ஆராய்ச்சி உலகின் பல பாகங்களில் உண்மையாகவே நடைபெற்று வருகிறது. அந்த ஆராய்ச்சியில் நம் வயலுக்கு உரிய பகுதி எது, உரியதல்லாத பகுதி எது என்று பிரித்து அறிந்துகொள்ளாவிட்டால், விதைக்குச் செலவிட்ட பணத்தின் மேல் புட்டிக்குச் செலவிட்ட பணமும் சேர்ந்து வீணாகும்.

குளிரைத் தவிர்க்கலாகாதோ?

குளிர் இவ்வளவு தொல்லை என்றால், விதைப்பைத் தை மாதக் கடைசிக்குத் தள்ளிவிடலாமே என்று நகரத்தார் கேட்பர். கிணற்றில் நீர் எதுவரை நிற்கும் என்பதை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். 105 நாள் வயதுள்ள ஓர் இரகத்தை டிசம்பர் 20-இல் விதைத்தால் ஏப்ரல் முதல் வாரத்தில், அதாவது பங்குனிக் கடைசியில், பிடுங்கலாம். ஜனவரி 20-இல் விதைத்தால் மே முதல் வாரம், சித்திரைக் கத்தரி வெயில். காய் முற்றும் காலமோ நீர் அதிகம் வேண்டும் காலம். கிணறு வற்றும் காலமும் அதுவே. ஆகவே குடியானவர் குளிரில் விதைப்பது அறியாமையால் அன்று. பின்னால் வரும் வறட்சிக்கு அஞ்சி, முன்னால் உள்ள குளிரை ஏற்றுக்கொள்கிறார். அந்தக் குளிரின் நட்டத்தைக் குறைப்பதே நாம் செய்யக்கூடியது.

குளிர் செய்வது என்ன?

நம் வட்டாரத்தில் உறைபனி விழுவதில்லை. மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கும். சில நாள் அதற்கும் சற்றுக் கீழே போகும். கம்பளி போர்த்தும் நமக்கு அது குளிர். கோதுமைக்கோ கடுகுக்கோ அது குளிரே அன்று. ஆனால் மணிலாவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசம். அதன் விதை 25 முதல் 30 டிகிரிக்கு மேற்பட்ட மண்ணில் விரைந்து முளைக்கும்; 18 டிகிரிக்குக் கீழே முளைப்பு மெதுவாகிச் சீர் கெடும்; 10 முதல் 13 டிகிரி அளவில் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே விடும். எனவே நம் மார்கழி அதைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது. மண்ணுக்குள் நான்கு நாள் கூடுதலாகக் கிடக்கும் பருப்பை அழுகல் பூஞ்சாணமும் எறும்பும் முந்திக்கொள்கின்றன. நட்டம் வருவது இவ்வழியில்தான். குளிர் நேரே கொன்ற விதையைவிட, குளிர் தாமதப்படுத்தியதால் மற்றவை தின்ற விதையே அதிகம்.

தாமதம் ஏன் ஏற்படுகிறது என்பதை அறிய ஆராய்ச்சிக்கூடம் செல்ல வேண்டியதில்லை. வீட்டு அடுக்களையே போதும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அப்படியே ஓடுகின்றன. எண்ணெயில் அடங்கியுள்ள கொழுப்பு அமிலங்களின் அமைப்பில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். பயிரின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி இத்தகைய கொழுப்பினால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. நீரும் உப்புக்களும் அதன் வழியேதான் போய் வர வேண்டும். குளிரில் அச்சவ்வு விறைத்தால் போக்குவரவு தடைப்படும். உள்ளிருக்கும் சத்து வெளியே கசியும். கசிந்த சர்க்கரையை நாடிப் பூஞ்சாணம் வரும். குளிர் நாட்டுப் பயிர்கள் குளிர் நெருங்கும்போது சவ்வின் கொழுப்பை எளிதில் உறையாத வகையாக மாற்றிக்கொள்கின்றன. மணிலாவுக்கு அந்தத் திறமை குறைவு. அண்மைக் காலத்தில் பரவிவரும் ஒலியிக் அமிலம் மிகுந்த மணிலா இரகங்கள், எண்ணெய் கெடாமல் நெடுநாள் இருக்கும் என்பதால் நல்ல விலை பெறுகின்றன. ஆனால் அவ்வகை இரகங்கள் குளிர்ந்த மண்ணில் மெதுவாக முளைப்பதாக அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய விதை வாங்குவோர் மார்கழி முதல் வாரத்தில் அவசரப்பட்டு விதைக்காதிருத்தல் நலம்.

வளர்ந்த செடிக்கும் குளிர் இடையூறே. பகலில் இலை சமைத்த மாவுச்சத்து இரவில் சர்க்கரையாகி வேருக்கும் பூவுக்கும் இறங்க வேண்டும். இரவு மிகக் குளிர்ந்தால் அது இலையிலேயே தங்கிவிடுகிறது. மறுநாள் இலையின் வேலையும் மந்தப்படுகிறது. வடகிழக்குச் சீனத்தில் மணிலா பயிரிடும் பகுதிகளில் இந்தத் தொல்லை நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிது. அங்கு நடந்த ஆராய்ச்சிகளில், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் போதிய அளவு கிடைத்த செடிகள் இரவுக் குளிரின் பின் விரைவில் தேறுவதாகத் தெரியவந்துள்ளது. நாம் ஜிப்சம் இடுவது காய் திரளுவதற்காகத்தான். ஆயினும் ஜிப்சத்தைக் கைவிட்டுப் புட்டி மருந்தை நாடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஹார்மோன் என்பது யாது?

தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் போல ஹார்மோன் ஓர் உணவன்று, கட்டளை. 'நீண்டு வளர்', 'வேர் விடு', 'இலையை உதிர்', 'வாயை மூடு' என்று செடியின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு அனுப்பும் ஆணை எனலாம். 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகனும் புல் முளையின் நுனி ஒளியை உணர்ந்து கீழ்ப்பகுதியை வளையச் செய்வதைக் கண்டு எழுதினர். அந்த ஆணையைக் கொண்டு செல்லும் பொருளை 1926-இல் வென்ட் என்னும் டச்சு அறிஞர் முளை நுனியிலிருந்து பிரித்துக் காட்டினார். அதுவே ஆக்சின். அதே 1926-இல் ஜப்பானில் குரோசாவா என்பவர், நெற்பயிரை அளவு மீறி நெட்டையாக வளர்த்துச் சாயச் செய்யும் ஒரு நோயை ஆராய்ந்து, நோய்ப் பூஞ்சாணம் சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் எனக் கண்டார். அது ஜிப்ரலின். பின்னர் 1950-களில் சைட்டோகைனினும், 1960-களில் அப்சிசிக் அமிலமும் அறியப்பட்டன.

1979-இல் கண்டறியப்பட்ட பிராசினோலைடு நம் பொருளுக்கு நெருங்கியது. அது எண்ணெய் வித்துப் பயிராகிய ரேப் என்னும் கடுகினச் செடியின் மகரந்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. தேனீக்கள் சேர்த்த சுமார் 230 கிலோ மகரந்தத்தைச் சலித்துக் கிடைத்தது 10 மில்லிகிராம்தான். ஹார்மோன் எவ்வளவு சிறிய அளவில் வேலை செய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உரத்தைப் போல, 'ஒரு மூட்டைக்கு இவ்வளவு பலன் என்றால் இரண்டு மூட்டைக்கு இரட்டிப்புப் பலன்' என்னும் கணக்கு இங்கே செல்லாது. சிறிது கூடினால் பலன் தலைகீழாகும்.

கடுகு நாட்டுக் குளிரும் நம் குளிரும்

ஐரோப்பாவில் ரேப் பயிரை ஆகஸ்டு, செப்டம்பரில் விதைக்கிறார்கள். அது தரையோடு தரையாக இலை விரித்துக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் எழுந்து பூக்கிறது. அங்கு அஞ்ச வேண்டியது, குளிர் வருமுன் செடி நெடுநெடுவென வளர்ந்துவிடுவதே. நீண்ட தண்டின் குருத்து உறைபனியில் வெடித்துச் செடியே மாய்ந்துவிடும். எனவே ஜிப்ரலின் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைத் தெளித்து, குருத்தைத் தரையோடு அடக்கி வைக்கிறார்கள். இதற்குப் பயன்படும் மருந்துகளுள் ஒன்று டெபுகோனசோல். நம் ஊரில் மணிலாவின் டிக்கா இலைப்புள்ளிக்கும் துரு நோய்க்கும் தெளிக்கப்படும் அதே பூஞ்சாணக் கொல்லிதான்! ஒரே மருந்து ஒரு நாட்டில் நோய் மருந்தாகவும் மற்றொரு நாட்டில் வளர்ச்சிக்குக் கடிவாளமாகவும் அமைகிறது.

நம் நாட்டில் இராஜஸ்தான், அரியானா முதலிய மாநிலங்களில் கடுகு பூக்கும் காலத்தில் உறைபனி விழுவதுண்டு. முன்மாலையில் இலேசாக நீர் பாய்ச்சுதல், வரப்பில் புகை மூட்டுதல், லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் கந்தக அமிலம் கலந்து தெளித்தல் ஆகியவற்றை அங்குள்ள வேளாண்மைத் துறையினர் சிபாரிசு செய்கின்றனர். இவற்றுள் எதுவும் நமக்கு வேண்டியதன்று. குறிப்பாக அமிலத் தெளிப்பைக் கைப்பேசிப் படத்தில் கண்டு இங்கே செய்து பார்க்க முற்படலாகாது.

ஆக, அங்கே தேவைப்படுவது செடியை அடக்குவது. இங்கே தேவைப்படுவது விதையை எழுப்புவது. அங்கே எதிரி உறைபனி, இங்கே தாமதம். 'குளிர் தாங்கும் ஹார்மோன்' என்று ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பதால் வரும் குழப்பம் சிறிதன்று. அடக்கும் மருந்தை நம் மார்கழிப் பயிருக்கு இளமையில் கொடுத்தால், ஏற்கெனவே தயங்கி நிற்கும் செடி மேலும் தயங்கும். மாறாக ஜிப்ரலினைத் தெளித்து எழுப்பலாம் என்று கருதினால், செடி கணு நீண்டு நெட்டையாகும். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் தொடும் தூரமும் கூடிவிடும். மணிலாவுக்கு அது நல்லதன்று. காய் பிடிப்பது மண்ணுக்குள் அல்லவா?

கல்வராயன் மலை மீதுள்ள ஊர்களில் நிலைமை சற்று வேறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொது விதி. 800 மீட்டர் உயரத்து நிலத்தில் இரவு நம் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். சமவெளிக்குச் சொல்லும் விதைப்பு நாட்களை அங்கே அப்படியே கொண்டு செல்வதற்கில்லை.

முதல் வேலை முளைப்பு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 1,350 செடிகள் நிற்க வேண்டும். குளிரால் முளைப்புக் கெட்டு 1,000 செடிகளே நின்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'நிலக்கடலை ரிச்' என்னும் ஊட்டச்சத்து, வளர்ச்சி ஊக்கிக் கலவை விளைச்சலை 15 சதவீதம் வரை கூட்டும் என்று அப்பல்கலைக்கழகமே கூறுகிறது. நிற்கும் 74 பங்குக்கு 15 சதவீதம் கூட்டினால் 85 பங்கு. இடைவெளி கிடைத்த செடிகள் சற்றுப் படர்ந்து ஓரளவு ஈடு செய்யும் என்றாலும், விழுந்த பள்ளம் முழுவதும் தூராது. புட்டியால் மீட்க முடியாததை விதைக்கும் நாளில்தான் காக்க வேண்டும்.

அதற்கு வேண்டுவன புதியவை அல்ல. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு. பெரும்பருப்பு இரகமாயின் சற்றுக் கூடுதல். காயாக வைத்திருந்து, விதைப்பதற்குச் சில நாள் முன்பு உடைத்த பருப்பே மேல். தோல் உரிந்ததும் சுருங்கியதும் குளிர்ந்த மண்ணில் முதலில் அழுகுவதால் அவற்றை நீக்கிவிட வேண்டும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால், தாமதித்துக் கிடக்கும் நாட்களில் அழுகல் பூஞ்சாணத்துக்கு அது தடையாக நிற்கும். நம் கருத்தில், மார்கழியில் மணிலாவுக்கு மிகச் சிறந்த 'குளிர் மருந்து' இதுவே. விதைப்பு ஆழம் 4 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். கலப்பைச் சாலில் ஆழ விழுந்த பருப்பு மேலே வருவதற்குள் களைத்துப் போகிறது. பனி மூட்டம் தொடர்ந்து நான்கு நாள் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், நான்கு நாள் பொறுத்து விதைப்பதில் நட்டமில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதை அதில் குளிப்பவர் யாவரும் அறிவர்; ஏரி நீரோ நடுங்க வைக்கும். கிணற்றுப் பாசனக்காரர் உயிர்த் தண்ணீர் விடுவதில் குளிருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தேங்கும்படி விடலாகாது. நீர் நிறைந்த மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத மண்ணில் குளிர்ந்த விதைக்கு இரட்டைத் துன்பம்.

முளைத்த பத்தாம் நாளுக்குள் ஒரு சென்ட்டில் செடிகளை எண்ணிப் பார்த்து, வெற்றிடங்களில் ஊறவைத்த பருப்பை ஊன்றிவிட வேண்டும். இருபது நாள் கழித்து ஊன்றிய செடி மற்றவற்றின் நிழலில் நின்று வெறும் பொக்குக் காயையே தரும்.

பூக்கும் காலத்தில் ஊக்கி

இனி, ஹார்மோனுக்கு உண்மையாகவே இடமுள்ள கட்டத்துக்கு வருகிறோம். மணிலா விடியலில் பூக்கும். தன் மகரந்தத்தையே ஏற்கும். ஒரு வாரம் பத்து நாளில் விழுது மண்ணில் இறங்கும். பூத்த பூக்களில் பெரும்பகுதி காயாவதில்லை. குளிரும் சத்துக் குறைவும் சேர்ந்தால் உதிர்வு மிகும். ஆக்சின் வகையைச் சேர்ந்த நாப்தலின் அசிட்டிக் அமிலம் (பிளானோபிக்ஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது) இந்த உதிர்வைக் குறைக்கிறது. இதனைத் தனியே தெளிப்பதைவிட ஊட்டச்சத்துக் கரைசலுடன் சேர்த்துத் தெளிக்கவே வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நியாயமும் அதுதான், காய் பிடிக்கும்படி ஆணை மட்டும் கொடுத்துவிட்டு உணவு கொடாதிருப்பது முறையாகாது.

ஏக்கர்க் கணக்கில் அதன் அளவு பின்வருமாறு. டி.ஏ.பி. 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம் ஆகியவற்றை 15 லிட்டர் நீரில் முதல் நாள் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து வடிகட்டினால் சுமார் 13 லிட்டர் கிடைக்கும். அதனை 200 லிட்டராகப் பெருக்கி, தெளிக்கும் சமயத்தில் பிளானோபிக்ஸ் 140 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். விதைத்த 25-ஆம் நாள் ஒருமுறை, 35-ஆம் நாள் மறுமுறை. பத்து லிட்டர் கொள்ளும் தெளிப்பானுக்கு 7 மில்லிலிட்டர் வீதம் வருகிறது; புட்டியின் மூடியால் கண்ணளவாக ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக் குழாயால் அளந்து ஊற்ற வேண்டும். நூற்றுக்கு 4.5 பங்கு வீரியமுள்ள அம்மருந்து இவ்வாறு கலந்தபின் ஒரு லிட்டர் நீரில் சுமார் 30 மில்லிகிராம் அளவே இருக்கும். அது போதும்.

25, 35 என்ற நாட்களைப் பற்றி நம் அனுபவத்தில் கண்ட ஒன்று உண்டு. மார்கழி முற்பகுதியில் விதைத்த பயிர் சில ஆண்டுகளில் பிந்திப் பூக்கிறது. பூவே இல்லாத செடிக்குப் பூ உதிராமல் காக்கும் மருந்து எதற்கு? 25-ஆம் நாள் வயலுக்குள் இறங்கிப் பார்த்து, பூ தலைகாட்டாவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தாரைக் கலந்து சில நாள் தள்ளித் தெளிப்பதே புத்திசாலித்தனம் என்பது நம் துணிபு. மேலும், மார்கழி தையில் காலை எட்டு ஒன்பது மணி வரை இலையில் பனித்துளி நிற்கும். அப்போது தெளித்தால் கரைசல் நீர்த்து வழிந்துவிடும். மாலையில் தெளிப்பதே சிறந்தது.

நிலக்கடலை ரிச் தெளிக்க விரும்புவோர் ஏக்கருக்கு ஒரு முறைக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து, பூ மிகுந்த தருணத்திலும் காய் முற்றும் தருணத்திலும் தெளிக்கலாம். அக்கலவையிலேயே வளர்ச்சி ஊக்கியும் இருப்பதால், அதையும் பிளானோபிக்ஸையும் ஒரே பயிருக்குத் தெளித்து ஆணையை இரட்டிப்பாக்க வேண்டா. இரண்டில் எதைத் தெளித்தாலும், 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதை மறக்கலாகாது.

புட்டி வாங்குமுன்

ஆக்சின் குடும்பத்தில் ஒரு கொடிய சகோதரனும் உண்டு. மக்காச்சோளத்திலும் கரும்பிலும் களை கொல்லத் தெளிக்கும் 2,4-டி என்பதும் ஆக்சினைப் போன்றதே. அகன்ற இலைச் செடிக்கு அளவற்ற ஆணை கொடுத்து, அதை முறுக்கித் திரித்து மாய்க்கிறது. மணிலாவும் அகன்ற இலைச் செடிதான். மக்காச்சோளமும் கரும்பும் மணிலாவும் அடுத்தடுத்த வரப்பில் நிற்கும் நம் மாவட்டத்தில் இது ஏட்டறிவு அன்று. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதிலேயே ஊக்கியைக் கரைத்துத் தெளித்தபின் செடி கொக்கிபோல் வளைந்ததைக் கண்டு, 'ஊக்கி கெட்டது' என்று முறையிட்டவர் நம் வட்டாரத்திலும் உண்டு. களைக்கொல்லிக்கெனத் தெளிப்பான் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது செலவன்று. தனியே வாங்க இயலாதவர் இருவர் மூவராகச் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நாப்தலின் அசிட்டிக் அமிலம், ஜிப்ரலின் போன்ற ஊக்கிகள் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் முதலிய உயிரூக்கிகளை 2021 பிப்ரவரியில் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆகவே புட்டியில் மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், பதிவு எண், காலாவதித் தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. 'குளிர், வறட்சி, பூச்சி, நோய் எல்லாவற்றுக்கும் ஒரே தெளிப்பு' என்று அட்டையில் எழுதி, உள்ளே இருப்பது யாது என்று மட்டும் எழுதாத புட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். எதை வாங்கினாலும் இரசீது கேட்டு வாங்க வேண்டும். கடன் கணக்கில் எழுதுவோர் இரசீதைக் கேட்கக் கூசுகின்றனர். கடனுக்கு வாங்குவோருக்கே அது மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, ஊக்கி தம் நிலத்தில் பலித்ததா என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வயலின் நடுவில் நான்கு வரிசையை முனை முதல் கடைசி வரை தெளிக்காமல் விட்டு, இரு முனையிலும் குச்சி நட்டுக்கொள்க. உரம், நீர், மண் அணைப்பு எல்லாம் அதற்கும் ஒன்றுபோலவே நடக்கட்டும். அறுவடையன்று அந்த நான்கு வரிசையின் காயையும், பக்கத்தில் தெளித்த நான்கு வரிசையின் காயையும் தனித்தனியே பிடுங்கி, ஒரே களத்தில் ஒரே வெயிலில் காயவைத்து நிறுக்க வேண்டும். ஒவ்வொரு குவியலிலும் கைக்கு வந்தபடி நூறு காய் எடுத்து உடைத்து, பொக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். எடை வேறுபாட்டை முழு வயலுக்குமாகப் பெருக்கி, அன்றைய விற்பனைக்கூட விலையால் கணக்கிட்டு, மருந்துச் செலவையும் தெளிப்புக் கூலியையும் கழித்தால் மிஞ்சுவதே உண்மையான ஆதாயம். அந்தத் தாளில் விதைத்த தேதியையும், முதல் பூ கண்ட தேதியையும், பத்தாம் நாள் ஒரு சென்ட்டில் எண்ணிய செடிகளின் தொகையையும் சேர்த்து எழுதி வைத்திருந்தால், அடுத்த கார்த்திகையில் விதை வாங்கப் புறப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.